ஒரு பல் தள்ளி

...கேட்டதற்கே பாதிப் பதில் சொல்கிறவள் இன்றைக்குக் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிறாளே, அதுதான் எங்கேயோ உதைக்கிறது. காலையில் கருவிப் பெட்டியை அவர் குனிந்து எடுப்பதற்குள் அவள் தூக்கிவிட்டாள். 'இன்னிக்கு எனக்கு லீவுப்பா' என்றாள், லீவா என்று யாராவது கேட்டார்களா? 'வீட்டுல சும்மா இருக்கறதுக்கு உங்க கூட வரேன்' என்றாள், சும்மா இருக்கத் தெரிந்த மகளா அவள்? படகுத்துறைக்கு நடக்கிற வழியெல்லாம் வெயிலைப் பற்றிக் கொஞ்சம், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிக் கொஞ்சம், பிறகு போகிற போக்கில் சொல்வதுபோல, 'இன்ஜின் பெல்ட்டுக்கு மார்க் எல்லாம் போன தடவையே பளிச்சுனு போட்டிருக்குப்பா, அதப் பாத்து அப்படியே வெச்சா அரை நாள் வேலை அரை மணில முடிஞ்சிரும்' என்று ஒன்று. அதைச் சொல்வதற்குத்தான் வெயிலும் நாயும் முன்னால் வந்தன என்று அவருக்கு அப்போதே பட்டது. ஐம்பத்தெட்டு வயதில் காது மந்தமாகலாம், கண் மங்கலாம், மூக்கு மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகிறது. ஏதோ ஒன்று வேகாமல் இருக்கிறது, மூடி போட்டு மூடியிருக்கிறார்கள். யார் யார் என்று தெரியவில்லை. மகள் மட்டுமா, அவளோடு அம்மாவும் கூட்டா? அவள் அம்மா காலையில் 'பொறுமையா பண்ணுங்க' என்றாளே, முப்பது வருஷத்தில் என்றைக்கு அப்படிச் சொன்னாள்?

இப்போது அவர் இன்ஜின் அறைக்குள் இடது பக்கமாக ஒருக்களித்துக் கிடக்கிறார். அறை என்று பேர்தான், பெட்டிக்குள் பெட்டி. இன்ஜினின் முன்முகம் சுவர்ப் பலகையைப் பார்த்து இருக்கிறது, நடுவே ஒரு சாணும் நாலு விரலும்தான் இடைவெளி, யார் கட்டினானோ அந்தப் படகை, இன்ஜினைக் கழற்றவே வேண்டியிருக்காது என்று நினைத்தான் போலிருக்கிறது. தலைக்குக் கீழே மடித்த சாக்கு, வலது கை மட்டும் இடுக்குக்குள், இடது கையில் சவரக் கண்ணாடி, அதில் பார்த்துப் பார்த்துத்தான் வேலை. முன்பெல்லாம் நேரே தலையை விட்டுவிடுவார், இப்போது வயிறு விடுவதில்லை. குடலிறக்கத்துக்கு அறுத்த இடம் இந்தப் படுக்கையில் சுருக்கென்று இழுக்கிறது. அந்த அறுவை நடந்து நாலு வருஷம். அவர் இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தபோது இவள்தான் படகை ஓட்டினாள், டீசல் மெக்கானிக் படித்தவள், ஓட்டட்டும் என்று விட்டார், அந்த இரண்டு மாதத்தில்தான் 'பெல்ட் மாத்திட்டேன்ப்பா' என்று ஒருநாள் வந்து சொன்னாள். தனியாகவா? 'தனியாத்தான்.' அன்றைக்கு மயக்க மருந்தின் மிச்சத்தில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததெல்லாம் எங்கேயும் போய்விடுவதில்லை, வட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாலு வருஷமாகப் படகு ஓடுகிறது, ஓடுகிறதுதான், ஆனால் குளிர்ந்த காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு இருமல் இருமுகிறதே, அது முன்பு கிடையாது. முன்பும் இருந்தது என்கிறாள் அவள். அவளுக்கென்ன தெரியும், அவர் காது கேட்டுக்கொண்டிருந்தது அந்த இருமல் இல்லாத இன்ஜினை.

புதுப் பெல்ட்டையும் அவர் லேசில் நம்பிவிடவில்லை. கடைக்காரன் அட்டைப் பெட்டியை நீட்டும்போது சிரித்தான், எதற்குச் சிரிக்க வேண்டும்? பெட்டியின் ஒட்டு ஒரு ஓரத்தில் லேசாகப் பிரிந்திருந்தது. அங்கேயே நின்று பெல்ட்டை எடுத்து முகர்ந்தார், புது ரப்பருக்கு ஒரு காட்டம் உண்டு, போலிக்கு மண்ணெண்ணெய் வாடை. பிறகு பற்களை எண்ணினார், நூற்று முப்பத்தாறு. கடைக்காரன், 'அண்ணே, பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு பல்லு எண்ண மாட்டாங்கண்ணே' என்றான், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணினார், நூற்று முப்பத்தேழு, அதுதான் சரி. ஆனால் முதலில் ஏன் ஒன்று குறைந்தது? வீட்டில் வந்து மூன்றாம் தடவை எண்ணினார். சின்ன விஷயமா இது? கீழே பிஸ்டன்களை ஆட்டுகிற கிராங்கையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற கேமையும் கைகோத்து நடக்க வைப்பது இந்த ஒரு முழ ரப்பர்தான். இரண்டில் ஒன்று முந்தினால், இறங்கி வருகிற வால்வும் ஏறி வருகிற பிஸ்டனும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும், அப்புறம் இன்ஜின் இன்ஜினாக இருக்காது. நாளைக் காலை ஆறே கால் நடைக்கு நர்ஸம்மா வருவாள், கணக்கு வாத்தியார் வருவார், தூக்குவாளியோடு ஆலைக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள், அக்கரைக்குப் போக அவர்களுக்கு வேறு வழி கிடையாது. அவர்களை ஏற்றிக்கொண்டு நடு நீரில் மறுபடியும் ஒருநாள்... வேண்டாம், அந்த நினைப்பு வேண்டாம்.

'பத்தாம் நம்பர்' என்றார். மேலே திறப்பின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவள் ஸ்பேனரை நீட்டினாள். கேட்பதற்கு முன்பே கையில் வைத்திருந்தாள். பெல்ட் மூடியின் ஆறு போல்ட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றது, எதுவும் முரண்டு பிடிக்கவில்லை, ஒவ்வொன்றிலும் மெலிதாக கிரீஸ் தடவி முடுக்கியிருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. இவள் போல்ட்டுக்கு கிரீஸ் தடவுகிறவள் அல்ல, இவளுக்கு எல்லாம் அவசரம், இவள் கழுவிய டம்ளரில் சோப்பு வாசனை வரும். மூடியை வெளியே இழுத்தார், டார்ச்சைப் பிடித்துக் கண்ணாடியை உள்ளே விட்டார். பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது, வெடிப்பில்லை, பல் தேயவில்லை, குறை சொல்ல இடமில்லை, சொல்ல இடமில்லாததே ஒரு குறையாகத் தோன்றியது. கண்ணாடியை இன்னும் சரித்தார். மேல் புல்லியின், கேமைச் சுழற்றுகிற பல்சக்கரத்தின், விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி. பின்தகட்டில் அதற்கு எதிரே இன்னொரு சிவப்புப் புள்ளி. பெயிண்ட் இல்லை. பெயிண்ட் இப்படி மினுங்காது, நாலு வருஷ எண்ணெயில் ஊறியும் இப்படி நேற்று வைத்ததுபோல இருக்காது... நகப்பூச்சு. இந்தத் துறையில், இந்தத் துறையில் என்ன, அவர் பார்த்த உலகத்திலேயே, இன்ஜினுக்கு நகப்பூச்சால் மார்க் வைக்கிறவன் ஒருத்தன்தான்.

சாவகாசம். அப்படித்தான் அவனைக் கூப்பிடுவார்கள், எதைக் கேட்டாலும் 'சாவகாசமா பாத்துக்கலாம்' என்பான், அதுவே பேராகிவிட்டது. கல்யாணம் ஆகாதவன். கடையில் போய் நின்று சிவப்பு நகப்பூச்சு கேட்டால் கடைக்காரர்கள் விடுவார்களா, 'யாருக்குப்பா, நம்மகிட்ட சொல்லக்கூடாதா' என்பார்கள், அவன் அதே நிதானத்தோடு, 'இன்ஜினுக்கு' என்பான், துறை முழுக்க வாரக்கணக்கில் சிரித்தது. பெயிண்ட் எண்ணெயில் கரையும், இது கரையாது என்று அவன் கண்டுபிடித்திருந்தான். கண்டுபிடித்ததை யாருக்கும் விளக்கவில்லை, அவரைத் தவிர. ஒன்பது வருஷம் இந்தப் படகில் இருவரும் பங்காளிகளாக இருந்தார்கள், ஓட்டுவது இவர், இன்ஜின் அவன். அப்புறம் பதினோரு வருஷமாக முகத்தில் முழிக்கவில்லை. அவன் அக்கரையில் ஐஸ் ஆலையில் கம்ப்ரஸர் பார்க்கிறான், அக்கரைத் துறையில் சில நாள் தூரத்தில் ஒரு ஒல்லி முதுகு போவது தெரியும், இவர் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொள்வார். அந்த முதுகா இந்த இடுக்குக்குள் வந்து கிடந்தது? எப்போது? யார் அழைத்தது? இவர் வயிற்றில் தையலோடு கிடக்கும்போது, இவர் படகில், இவர் சாக்கில் தலை வைத்து...

உடனே கத்தக்கூடாது. கத்தினால் உண்மை ஓடி ஒளிந்துகொள்ளும். 'ஏம்மா' என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, 'இந்த மார்க்கெல்லாம் எதால வெச்ச?' மேலே கால் ஆடுவது நின்றது. 'நெயில் பாலிஷ்ப்பா. பெயிண்ட் அழிஞ்சிரும்ல.' 'ஓ... யாரோடது?' 'என்னோடதுதான்.' 'நீ எப்ப நகத்துக்குப் பூசின? உன் கல்யாணத்துக்கே பூச மாட்டேன்னு உங்கம்மாகூடச் சண்டை போட்டியே.' தண்ணீர் படகின் வயிற்றில் தட்டுகிற சத்தம் மட்டும், தப், தப். பிறகு, 'ஃப்ரெண்டோடதுப்பா' என்றாள். ஃப்ரெண்ட்! சரி, அந்த ஃப்ரெண்டுக்கு ஐம்பத்தைந்து வயது, இடது கைப் பழக்கம், புள்ளியின் வால் வலமிருந்து இடமாக இழுத்திருக்கிறது, என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். பெற்ற பெண்ணைப் பொய் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு ருசி இருக்கிறது, அது நல்ல ருசி இல்லை என்று தெரிந்தும் இன்னொரு வாய் கேட்கிறது. அவளைக் கேட்பதைவிட இன்ஜினைக் கேட்கலாம், இன்ஜின் பொய் சொல்லாது. அவன் வைத்த மார்க் சரியா, இல்லையா? சரியில்லை என்றால்...

சரியில்லை என்றால் பதினோரு வருஷமும் சரி. அன்றைக்கு நடு நீரில், பத்தொன்பது பேர் உட்கார்ந்திருக்க, கீழே படீரென்று ஒரு சத்தம், அப்புறம் இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு பெரிய மௌனம். நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், கட்டாமல் பாதியில் விட்ட பாலத்துத் தூணில் ஒரு இடி இடித்தது. யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை, ஒரு அம்மாளுக்கு முன்பல் இரண்டு போனது, ஒரு கைக்குழந்தை அழ மறந்து வெறித்துக்கொண்டிருந்தது, அந்த முகம் இன்னும் போகவில்லை. வேறு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்து துறையில் சேர்த்தபோது மூடியைக் கழற்றினால் பெல்ட் நார் நாராக. நாலு மாதம் முன்புதான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தான் அவன். இவர் துறையில் நின்றவர்கள் முன்னால் கேட்டார், 'எப்படா மாத்தின, கனவுலயா? சாவகாசமா மாத்திக்கலாம்னு விட்டுட்ட, அதான?' கூட்டம் சிரித்தது, பயந்துபோன கூட்டம் சீக்கிரம் சிரிக்கும். பேரே சாட்சி சொல்லிவிட்டது, அப்புறம் வேறு சாட்சி எதற்கு? அவன், 'மாத்தினேன்' என்றான். ஒரே ஒரு தரம். கையைத் துணியில் துடைத்தான், ஒவ்வொரு விரலாக, எப்போதும்போல, துணியை மடித்துப் பெட்டி மேல் வைத்தான், நடந்தான். உண்மையைச் சொல்கிறவன் இரண்டாம் தரம் சொல்ல மாட்டானா? சட்டையைப் பிடிக்க மாட்டானா? சும்மா போகிறானே, குற்றம் உள்ள நெஞ்சுதானே குறுகுறுக்காமல் போகும்... குற்றம் உள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்றல்லவா சொல்வார்கள்? எப்படியோ. நார்நாராகக் கிழிந்ததைப் பார்த்துப் புதிதா பழசா என்று யாராவது தெரிந்தவர்கள் சொல்லியிருக்கலாம். அதற்குள் இவர் அதை வாரித் தண்ணீரில் எறிந்திருந்தார். கோபத்தில்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டார். இன்ஜினைச் செய்தவர்களே வைத்த அடையாளம் ஒன்று உண்டு, புல்லி விளிம்பில் ஒரு வெட்டு, பின்தகட்டில் ஒரு கோடு, இரண்டும் நேர்கோட்டில் நின்றால் கேம் சரியான இடத்தில் நிற்கிறது என்று பொருள். கீழே கிராங்கைச் சரியாக நிறுத்தி, துளையில் இரும்பு ஊசி செருகி அசையாமல் பூட்டினார். மேலே பார்த்தார். சிவப்புப் புள்ளிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன, கச்சிதம். ஆனால் வெட்டு? வெட்டு கோட்டுக்கு நேரே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு டார்ச்சை நகர்த்திப் பார்த்தார், சந்தேகமே இல்லை, தள்ளி நிற்கிறது, ஒரு பல். ஒரே ஒரு பல். ஆகா... என்று உள்ளே ஏதோ சோம்பல் முறித்து எழுந்து உட்கார்ந்தது. மாட்டினாயா மகனே. ஒரு பல் தள்ளி வைத்துவிட்டு அதற்குப் பொட்டு வேறு. குளிர்காலையில் இருமாமல் என்ன செய்யும்? நாலு வருஷம் என் இன்ஜின் இருமியது, நீ அக்கரையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாய். அவருக்கு அறுத்த இடத்து வலிகூடத் தெரியவில்லை. மேலே பார்த்து, 'உன் ஃப்ரெண்டு மார்க்கு தப்பு' என்றார். 'என்னப்பா?' 'தப்புன்னேன். கம்பெனி வெட்டுக்கு ஒரு பல் தள்ளி இருக்கு.' 'அப்பா, இல்லப்பா, சிவப்புப் புள்ளியையே வைங்க, அது சரியாத்தான்...' 'எனக்குச் சொல்லித் தரியா?' 'கீழ எறங்கி நான் ஒரு தடவ பாக்கட்டுமா?' 'வேணாம். எனக்குக் கண்ணு இருக்கு.' அவள் குரலில் பயம் இருந்தது. பயப்படட்டும். பொய்க்குப் பயம்தான் கூலி.

பழைய பெல்ட்டை உருவினார். இழுவை உருளையையும் கழற்றினார், பெல்ட் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கிற உள்ளங்கை அகல உருளை அது, புதுசு பெட்டியில் தயாராக இருந்தது, அதையும் இவள்தான் வாங்கிவைத்திருந்தாள், 'ரெண்டையும் சேத்துத்தான் மாத்தணும்ப்பா' என்று நேற்று சொன்னாள், யார் சொல்லிக்கொடுத்த பாடமோ. புதுசை மாட்டி, கேம் புல்லியை வெட்டும் கோடும் கண்ணாடியில் நேராகும்வரை ஒரு பல் நகர்த்தி, புதுப் பெல்ட்டைப் பல்லுக்குப் பல் உட்கார வைத்தார். சிவப்புப் புள்ளிகள் விலகி, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. பார்க்க நன்றாக இருந்தது. ஊசியை எடுத்தார். ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும், எவ்வளவு பெரிய மெக்கானிக்காக இருந்தாலும், யார் துரத்தினாலும். அதைச் சொல்லிக்கொடுத்தது... யார் சொல்லிக்கொடுத்தால் என்ன. பெரிய ஸ்பேனரைக் கீழே கிராங்கில் போட்டு இழுத்தார். கனமாக, எண்ணெய் மணத்தோடு, இன்ஜின் ஒரு தூங்கும் மாடுபோலப் புரண்டது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் பாதி. முக்கால்...

டக்.

பெரிய சத்தம் இல்லை. கதவை யாரோ ஒரு விரலால் தட்டியதுபோல. ஸ்பேனர் நின்றுவிட்டது. அது உள்ளே காற்று அமுங்குகிற தடை அல்ல, அவருக்குத் தெரியும், உள்ளே இரும்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. இந்த வகை இன்ஜினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு பல்லுக்குக்கூட மன்னிப்பு கிடையாது. கையால் சுற்றியதால் டக். ஸ்டார்ட்டரைத் தட்டியிருந்தால்? திறப்பில் வெளிச்சம் மறைந்தது, மகளின் முகம் தலைகீழாகத் தொங்கியது. 'அப்பா, நிறுத்துங்கப்பா, இழுக்காதீங்க! ப்ளீஸ்ப்பா.' 'இழுக்கல.' 'முட்டுதா?' அவர் ஸ்பேனரிலிருந்து கையை எடுத்தார். 'நீங்க படுத்திருக்கற எடத்துலேர்ந்து பாத்தா அந்த வெட்டு தள்ளித்தான்ப்பா தெரியும். நேரா பாத்தா சரியா இருக்கும். செவுத்துக் கடிகாரத்த சைடுல நின்னு பாத்தா நிமிஷ முள்ளு தள்ளித் தெரியும்ல, அந்த மாதிரி. புல்லி முன்னால இருக்கு, தகடு ரெண்டு விரக்கடை பின்னால இருக்கு...' மூச்சு வாங்கினாள். 'அதுக்குத்தான்ப்பா அந்தச் சிவப்புப் புள்ளி. அது நேரா பாக்கறவங்களுக்கு இல்ல.'

'பின்ன யாருக்கு?'

'உங்களுக்கு.' அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை, கட்டு அவிழ்ந்த மூட்டைபோல எல்லாம் விழுந்தது. தான்தான் அக்கரைக்குப் போய் அழைத்தாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இங்கே இருந்தானாம். வேலை முடிந்த பிறகும் போகவில்லையாம். 'உங்கப்பா இதுல எந்தப் பக்கமா படுப்பாருன்னு கேட்டாரு. இடது பக்கம்னேன். வயிறு இப்ப எவ்வளவு இருக்குன்னாரு. சிரிக்காதீங்கப்பா, லைஃப் ஜாக்கெட்ட என் வயித்துல கட்டி என்னைப் படுக்க வெச்சாரு. கண்ணாடியப் புடி, உங்கப்பன் கண்ணுக்கு எங்க தெரியுது சொல்லு, இன்னும் கீழயா, இங்கயான்னு ஒரு மணி நேரம். நான் சொன்ன எடத்துல பொட்டு வெச்சாரு. அடுத்த தடவ உங்கப்பன்தான் மாத்துவான், யாரையும் நம்ப மாட்டான், அவன் தலை இங்க நுழையாதுன்னாரு.' அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பார் என்று அவள் எப்படி நினைத்தாள்? 'என்கிட்ட ஏன் சொல்லல?' 'சொன்னா நீங்க அந்த பெல்ட்ட அன்னிக்கே அறுத்துப் போட்டிருப்பீங்க.' அது பொய்யில்லை. 'வேற என்ன சொன்னான்?' 'ஒண்ணும் சொல்லலப்பா. உருளையையும் மாத்தியே ஆகணும்னாரு. ஒரு தடவ அத மாத்தாம விட்டதுக்குன்னு ஆரம்பிச்சாரு...' 'விட்டதுக்கு?' 'அதோட நிறுத்திட்டாரு. கைய தொடச்சுக்கிட்டே இருந்தாரு.'

அவள் முகம் விலகி வெளிச்சம் திரும்ப வந்தது. உருளை. மாற்றாமல் விட்ட உருளை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெல்ட் புதிதாக இருந்தாலும் உருளையின் பேரிங் இறுகி நின்றுவிட்டால் போதும், நின்ற உருளைமேல் ஓடி ஓடி எரிந்து, நாலு மாதத்தில் என்ன, நாலு நாளில்கூட நார்நாராகக் கிழியும்... இது அவருக்குத் தெரியாதா? தெரியும். அப்போதும் தெரியும். அந்த நாலு மாதத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம், இதே திறப்பின் விளிம்பில், யாரோ ஒருவன் உருளையை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறான், யாரோ ஒருவர் அதை விரலால் சுண்டிச் சுற்றிவிட்டு, 'நல்லாத்தான் சுத்துது, போட்றா, மூணு மணி நடைக்கு ஆள் நிக்குது' என்கிறார். யார் குரல் அது? பெல்ட் கையில் இருந்ததா அன்றைக்கு, புதுப் பெல்ட்? இருந்தால்தானே உருளையைக் கழற்றிக் காட்டியிருப்பான்? இல்லை, அது வேறு வருஷமாக இருக்கும். வேறு உருளையாக இருக்கும். அல்லது இவள் சொன்னதைக் கேட்டபிறகு மனசு இப்போது உட்கார்ந்து கட்டிய கதையாக இருக்கும், மனசு எதைத்தான் கட்டாது... ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டாயிற்று, கடைக்காரன் சிரிப்பை, பெண்டாட்டியின் அக்கறையை, பெற்ற மகளை. இந்த ஒரு ஞாபகத்தை மட்டும் எந்தப் பக்கமிருந்து பார்ப்பது? அன்றைக்குக் கிழிந்த நாரை வாரி எறிந்தது கோபத்தில்தானா? அவன் இரண்டாம் தரம் ஏன் சொல்லவில்லை? துறையில் நின்ற அத்தனை பேர் முன்னால் 'நீதாண்டா போடச் சொன்ன' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்லவில்லை. அதனாலேயே அது நடக்கவில்லை என்று பொருளா? இல்லை, அவன் அப்படிச் சொல்லிவிடுவானோ என்றுதான் இவர் அவ்வளவு சத்தமாக முந்திக்கொண்டாரா?

தண்ணீர் தப், தப் என்றது. பிறகு அவர் ஸ்பேனரைப் பூப்போல எதிர்ப்பக்கம் அசைத்து, முட்டியதை விலக்கி, கிராங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து ஊசியைப் போட்டார். உருளையைத் தளர்த்தினார். பெல்ட்டைத் தூக்கி, மேல் புல்லியை ஒரு பல் திரும்ப நகர்த்தினார். சிவப்புப் புள்ளிகள் கண்ணாடிக்குள் மெல்ல நெருங்கி எதிரெதிரே வந்து நின்றன. அவர் படுத்திருந்த இடத்திலிருந்து, அந்த வயிற்றோடு, அந்தக் கண்ணாடியில், மயிரிழை பிசகவில்லை. கொஞ்சமாவது பிசகியிருக்கலாம். பெல்ட்டை உட்கார வைத்து, உருளையை முடுக்கி, ஊசியை உருவினார். மறுபடியும் கையால் இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் பாதி தாண்டியதும் கை தானாக மெதுவானது, வந்துகொண்டிருக்கிறது அந்த இடம், மூச்சை அடக்கினார், இதோ, முக்கால்... முட்டட்டும்.

ஸ்பேனர் நின்றது. முட்டவில்லை, அவர்தான் நிறுத்தியிருந்தார். என்ன நினைத்தேன் இப்போது? முட்டக்கூடாது என்றல்லவா நினைக்க வேண்டும். தன் இன்ஜின், தன் படகு, விடிந்தால் அந்தப் பெண்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள், அவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய இன்ஜின். அது முட்டி நிற்கட்டும் என்று இந்த இருட்டில் யார் சொன்னது? வேறு யாரும் இல்லை, ஒருக்களித்துப் படுக்க ஓராளுக்குத்தான் இடம். கையை மெல்ல இழுத்தார். இன்ஜின் ஒரு சொல்லும் சொல்லாமல் அந்த இடத்தைத் தாண்டிப் புரண்டு, சுற்றை முடித்தது. கண்ணாடியை விட்டார். புள்ளியும் புள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

'ஒத்து வந்துச்சாப்பா?'

அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார், தூரக் கொண்டுபோனார்.

'அப்பா?'

'இரு' என்றார், ஸ்பேனரைத் திரும்பவும் கிராங்கில் போட்டபடி, 'இன்னும் ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டுச் சொல்றேன்.'